‘மீன்’ ஏன் ‘மின்’ ஆனது?
அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும் இடைவெளிக் கணக்கு

“மின் எடை: 250 கிராம்.”

அறிவியல் அறிக்கை ஒன்றின் அட்டவணையில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? மின்சாரத்தைக் கூடத் தராசில் வைத்து நிறுக்கிறார்களா என்று சிரிப்பீர்கள்.

கிள்ளானில் படிக்கும் ஒரு படிவம் 4 மாணவி, பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் அறிவியல் கண்காட்சிக்காக ஓர் அறிக்கை தயாரிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் வாங்கிய கெம்போங், செலார் மீன்களின் நீளத்தையும் எடையையும் அளந்து அட்டவணை போடுகிறாள். அவள் தட்டச்சு செய்தது ‘மீன் எடை’தான். எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அச்சில் வந்தபோது ‘மீ’யின் தலையில் இருந்த சுழியைக் காணோம். ‘ன்’ மேல் இருந்த புள்ளியும் பாதிதான் இருந்தது. ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டார்.

அந்தச் சுழியைத் தின்றது யார்? மாணவியும் இல்லை, அச்சு இயந்திரமும் இல்லை. அட்டவணையின் வரி இடைவெளி! ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. அதற்குப் பின்னால் அளவையியல் இருக்கிறது, மனிதக் கண்ணின் இயல்பு இருக்கிறது, கொஞ்சம் வரலாறும் இருக்கிறது. நாளை நீங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும்போது இதே சிக்கல் உங்களையும் தேடி வரும். இப்போதே தெரிந்துகொள்வோம்.

செங்கல்லும் சாந்தும்

முதலில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவோம். ‘செங்கல் களம்’ என்ற பொருள் தரும் இந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை நாசமாக்கின. அப்போது வீடுகள் பெரும்பாலும் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனவை. அதன் பிறகு, 1884-இல், பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டடங்கள் எழுப்ப வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். நகருக்குத் தேவையான செங்கல் உருவான இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆனது.

ஒரு செங்கல் சுவரை உற்றுப் பாருங்கள். பொதுவான அளவுச் செங்கல்லின் உயரம் 65 மில்லிமீட்டர். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் சாந்து. ஆகவே ஒரு வரிசையின் அடியிலிருந்து அடுத்த வரிசையின் அடிவரை 75 மில்லிமீட்டர். கொத்தனார் இந்த 75-ஐத்தான் கணக்கில் வைத்துக்கொள்வார். நான்கு வரிசை கட்டினால் சரியாக 300 மில்லிமீட்டர்.

அச்சுப் பக்கமும் இப்படித்தான். எழுத்தின் அளவு செங்கல்லின் உயரம்; வரிகளுக்கு நடுவே விடும் வெற்றிடம் சாந்து; ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரையிலான தூரமே வரி இடைவெளி. நீங்கள் நான்கு கோட்டுப் புத்தகத்தில் எழுதப் பழகியபோது எழுத்துகளை உட்கார வைத்தீர்களே, அந்தக் கோட்டைத்தான் அடிக்கோடு என்கிறோம்.

அச்சுத் துறையில் இவற்றை ‘பாயிண்ட்’ என்ற அலகில் அளக்கிறார்கள். ஓர் அங்குலத்தில் 72 பாயிண்ட். ஒரு பாயிண்ட் ஏறக்குறைய 0.353 மில்லிமீட்டர். கணினியில் எழுத்தின் அளவு 12 என்று தேர்ந்தெடுக்கிறீர்களே, அது 12 பாயிண்ட். அதாவது சுமார் 4.2 மில்லிமீட்டர்.

ஈயத்தில் பிறந்த இடைவெளி

கணினி வருவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தும் உலோகத்தில் வார்க்கப்பட்ட ஒரு சிறு கட்டை. அச்சுக் கோப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்குவார். வரிகள் நெருக்கமாகத் தெரிந்தால் இரண்டு வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயப் பட்டை ஒன்றைச் செருகுவார். ஆங்கிலத்தில் ஈயத்துக்கு ‘லெட்’ என்று பெயர். அதனால் அந்த இடைவெளிக்கு ‘லெட்டிங்’ என்ற பெயர் வந்தது. ஈயம் போன பிறகும் பெயர் போகவில்லை. இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களிலும் அந்தச் சொல் இருக்கிறது.

உலோகக் கட்டையில் ஒரு வசதி உண்டு. எழுத்தின் கொம்பும் சுழியும் அந்தக் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற முடியாது. கணினித் திரையிலோ அப்படிப்பட்ட தடை இல்லை. 12 பாயிண்ட் எழுத்தை 10 பாயிண்ட் இடத்தில் வை என்று சொன்னால் அது மறுபேச்சில்லாமல் வைத்துவிடும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

தமிழுக்கு மேலும் இடம் வேண்டும், கீழும் இடம் வேண்டும்

ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பாதி நடுப்பகுதியிலேயே அடங்கிவிடுகின்றன. தமிழ் எழுத்துகள் அப்படி அல்ல. ‘கி’ மேலே வளைகிறது. ‘கீ’ இன்னும் மேலே சென்று சுழிக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் தலைக்கு மேல் உட்காருகிறது. கீழ்ப்பக்கம் பார்த்தால் ‘சு’, ‘பு’, ‘யு’, ‘து’ எல்லாம் அடிக்கோட்டுக்குக் கீழே கால் நீட்டுகின்றன. ‘ழ’வும் ‘ஞ’வும் கூடத்தான்.

மேல் வரியில் ‘து’ இருக்கிறது, அதற்கு நேர் கீழே அடுத்த வரியில் ‘கீ’ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கீழே இறங்குகிறது, மற்றது மேலே ஏறுகிறது. இடைவெளி போதவில்லை என்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

முட்டினால் என்ன குடியா மூழ்கிவிடும் என்று கேட்கலாம். தமிழில் பொருளை மாற்றும் அடையாளங்களில் பல எழுத்தின் தலையில்தான் இருக்கின்றன. சுழி போனால் ‘மீன்’ ‘மின்’ ஆகும். புள்ளி போனால் ‘கல்’ ‘கல’ ஆகும். ‘நீர்’ என்ற சொல்லில் சுழியும் புள்ளியும் போனால் மிஞ்சுவது ‘நிர’. பத்தியில் என்றால் முன்பின் சொற்களை வைத்து ஊகித்துவிடலாம். அட்டவணைக் கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல்தான் இருக்கும். ஊகிக்கத் துணை ஏது?

சுழியை வெட்டிய கத்தி

இப்போது நம் மாணவியின் கணினிக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் வேர்டு மென்பொருளில் வரி இடைவெளிக்குப் பல தேர்வுகள் உண்டு. அவற்றுள் மூன்றை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ‘சிங்கிள்’. இதற்கு எழுத்தின் அளவுதான் இடைவெளி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வோர் எழுத்துருவுக்குள்ளும், அதை வடிவமைத்தவர் ‘என் எழுத்துகள் இவ்வளவு மேலே போகும், இவ்வளவு கீழே இறங்கும்’ என்று சில எண்களை எழுதி வைத்திருப்பார். ‘சிங்கிள்’ அந்த எண்களைப் பார்த்துத்தான் இடம் விடுகிறது. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் 12 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைக்கும் ‘சிங்கிள்’ இடைவெளி 12 அல்ல, சுமார் 13.8 பாயிண்ட். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இது இன்னும் அதிகம். அதனால்தான் தமிழ்ச் சொல் உள்ள வரிசை உயரமாகவும், வெறும் எண்கள் உள்ள வரிசை குட்டையாகவும் தெரிகின்றன.

இரண்டாவது ‘அட் லீஸ்ட்’, அதாவது ‘குறைந்தது இவ்வளவு’. 16 பாயிண்ட் என்று கொடுத்தால் எந்த வரியும் 16-க்குக் குறையாது. உயரமான எழுத்து வந்தால் தேவைக்கு ஏற்ப இடம் விரியும்.

மூன்றாவது ‘எக்ஸாக்ட்லி’, அதாவது ‘மிகச் சரியாக இவ்வளவு’. இது கண்டிப்பான வாத்தியார். 12 என்றால் 12-தான். எழுத்து அதற்குள் அடங்கவில்லை என்றால் எழுத்தின் தலை வெட்டப்படும்.

நம் மாணவி என்ன செய்தாள்? வரிசைகள் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தன. அட்டவணை ஒரு பக்கத்துக்குள் அடங்கவும் இல்லை. ‘எக்ஸாக்ட்லி 12’ என்று கொடுத்தாள். எல்லா வரிசைகளும் அணிவகுப்பில் நிற்பது போல ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. கூடவே சுழிகளும் போய்விட்டன. ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றி, எல்லா வரிசைகளுக்கும் போதுமான ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால் வரிசைகளும் சீராக இருந்திருக்கும். மீனும் மீனாகவே இருந்திருக்கும்.

அட்டவணைக்கு மூன்று இடைவெளிகள்

பத்தியில் ஒரே ஒரு வரி இடைவெளிதான். அட்டவணையில் மூன்று உண்டு. இதை மறப்பதால்தான் பெரும்பாலான அட்டவணைகள் கெட்டுப்போகின்றன.

ஒன்று, ஒரே கட்டத்துக்குள் சொற்கள் இரண்டு மூன்று வரிகளாக மடங்கும்போது அந்த வரிகளுக்கு இடையே உள்ள தூரம். இரண்டு, எழுத்துக்கும் கட்டத்தின் மேல், கீழ்க் கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம். மூன்று, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே உள்ள தூரம்.

இவற்றுள் எது பெரிதாக இருக்க வேண்டும்? இதற்கான விடையை உளவியல் தருகிறது. மாக்ஸ் வெர்த்தைமர் என்ற அறிஞர் 1923-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புள்ளிகளை வெவ்வேறு இடைவெளிகளில் வைத்துக் காட்டினால், அருகருகே இருப்பவற்றைக் கண் தானாகவே ஒரு குழுவாகச் சேர்த்துப் பார்க்கிறது என்று அவர் விளக்கினார். இதை ‘அருகமை விதி’ எனலாம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

அட்டவணையில் இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள். ஒரு கட்டத்துக்குள் மடங்கிய வரிகள் ஒரே செய்தியைச் சேர்ந்தவை. எனவே அவை நெருங்கி இருக்க வேண்டும். அடுத்த வரிசை வேறு செய்தி. எனவே அது சற்று விலகி இருக்க வேண்டும். இரண்டு தூரமும் சமமாக இருந்தால், ஒரு வரிசை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். இடப்பக்கம் ‘செலார்’ என்று படித்துவிட்டு, வலப்பக்கம் கெம்போங்கின் எடையை எடுத்துக்கொள்ளும்.

மீன் எடையில் இந்தத் தவறு நேர்ந்தால் பெரிய நட்டம் இல்லை. நோயாளியின் எடைக்கு ஏற்ப மருந்தின் அளவைக் காட்டும் அட்டவணையில் ஒரு தாதி ஒரு வரிசை தவறிப் படித்தால்? கட்டடப் பொறியாளர் கம்பியின் தடிமனை ஒரு வரிசை தள்ளிப் படித்தால்? எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். முடிவு மட்டும் தவறாகிவிடும்.

வண்ணத் தாள்களில் ஒரு சோதனை

இந்தக் கவலை புதிதல்ல. கணிப்பான் இல்லாத காலத்தில் உலகமே அட்டவணைகளை நம்பித்தான் கணக்குப் போட்டது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் மடக்கை அட்டவணையை விரலால் தடவித் தடவிப் படித்த கதையைச் சொல்வார்கள். கப்பலோட்டிகளும் நில அளவையாளர்களும் வானியலாளர்களும் அவற்றையே நம்பியிருந்தார்கள்.

‘கணினியின் தந்தை’ என்று போற்றப்படும் சார்லஸ் பாபேஜ், 1827-இல் 1 முதல் 108,000 வரையிலான எண்களுக்கு மடக்கை அட்டவணை வெளியிட்டார். எண்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அவற்றைக் கண் களைப்பின்றிப் படிக்கவும் முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணின் வடிவம், கோடுகள், இடைவெளிகள் ஆகிய எல்லாவற்றிலும் கவனம் செலுத்தினார். அதோடு விடவில்லை. 1831-இல் அதே அட்டவணையின் மாதிரிப் பக்கங்களைப் பல நிறத் தாள்களில் பல நிற மைகளால் அச்சிட்டுப் பார்த்தார். மொத்தம் 21 தொகுதிகள். அச்சிட்டது ஒரே ஒரு படி! எந்தத் தாளில் எந்த மை கண்ணுக்கு இதம் என்று கண்டறியவே இத்தனை பாடு.

பழைய கணித அட்டவணைகள் பலவற்றில் இன்னொரு தந்திரத்தையும் காணலாம். ஐந்து வரிசைகளுக்கு ஒரு முறை சிறிது கூடுதல் இடைவெளி விட்டிருப்பார்கள். கோடே தேவையில்லை. ‘மூன்றாவது குழுவில் இரண்டாவது வரிசை’ என்று கண் பிடித்துக்கொள்ளும். உங்கள் அறிக்கையில் 20 வரிசைகள் இருந்தால் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத முட்டுக்கம்பு

அறிவியல் நூல்களின் அச்சு வடிவத்தைப் பற்றிப் பேசும்போது டானல்ட் கனூத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞரை விட்டுவிட முடியாது. ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற அவருடைய நூல் வரிசை முதலில் உலோக எழுத்துகளால் அழகாக அச்சானது. 1977-இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான அச்சுப் படிகள் புதிய ஒளியச்சு முறையில் தயாராகி வந்தன. அவற்றைப் பார்த்தவர் மனம் நொந்துபோனார். கணிதச் சூத்திரங்களின் அழகு கெட்டுப்போயிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் பதிப்பாளரிடம் முறையிட்டுவிட்டு விட்டிருப்பார். கனூத் தாமே ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுதான் ‘டெக்’. அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் 3.14, 3.141, 3.1415 என்று ‘பை’யின் மதிப்பை நெருங்கிக்கொண்டே போவது ஒரு சுவையான செய்தி.

1980-களில் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் அதன் மேல் ‘லாடெக்’ என்ற எளிய வடிவத்தை உருவாக்கினார். இன்று கணிதம், இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளில் மிகப் பல இதில்தான் தயாராகின்றன.

லாடெக் அட்டவணையின் வரிசை உயரத்தைத் தீர்மானிக்கும் முறை எளிமையானது. வீடு கட்டும்போது கூரை இறங்காமல் இருக்க முட்டுக்கம்பு கொடுப்பார்கள் அல்லவா? அதுபோல ஒவ்வொரு வரிசைக்குள்ளும் அகலமே இல்லாத ஒரு கம்பு நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அச்சிலும் வராது. ஆனால் வரிசை அதற்குக் கீழே சுருங்காது. இந்தக் கம்பின் 70 விழுக்காடு அடிக்கோட்டுக்கு மேலேயும், 30 விழுக்காடு கீழேயும் இருக்கும். 10 பாயிண்ட் எழுத்துக்கு வழக்கமான வரி இடைவெளி 12 பாயிண்ட். எனவே கம்பின் மேல்பகுதி 8.4, கீழ்ப்பகுதி 3.6 பாயிண்ட்.

ஆங்கிலச் சொற்களுக்கு இது போதும். ஆனால் ஒரு கட்டத்தில் 10⁻³ போன்ற அடுக்கோ, ஒரு பின்னமோ வந்தால்? உள்ளே இருப்பது கம்பைவிட உயரமாகிவிட்டால் வரிசை விரியும். ஆனால் எழுத்துக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே மயிரிழை இடமும் இருக்காது. தமிழ்ச் சுழி 8.4 பாயிண்டைத் தாண்டினாலும் இதே கதைதான்.

இதற்கு மருந்து ஒரே ஓர் எண். ‘அரேஸ்ட்ரெச்’ என்ற கட்டளை அந்தக் கம்பை நீட்டுகிறது. அதன் இயல்பான மதிப்பு 1. அதை 1.5 ஆக்கினால் கம்பு 12-இலிருந்து 18 பாயிண்டாக வளரும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கம்பு நீண்டாலும், ஒரே கட்டத்துக்குள் மடங்கிய வரிகளுக்கு இடையே உள்ள தூரம் 12 பாயிண்டாகவே இருக்கும். அதாவது கட்டத்துக்குள் 12, வரிசைகளுக்கு நடுவே 18. உள்ளே நெருக்கம், வெளியே விலக்கம். வெர்த்தைமரின் அருகமை விதி அப்படியே நிறைவேறிவிடுகிறது.

வேர்டில் இதையே வேறு வழியில் செய்யலாம். அங்கே கட்டத்தின் இடது, வலது ஓரங்களில் 0.19 சென்டிமீட்டர் இடம் தானாக விடப்படும். மேலும் கீழும் விடப்படுவது பூஜ்யம்! எழுத்துகள் கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான். அட்டவணையின் பண்புகளுக்குள் போய் மேல், கீழ் ஓர அளவை 0.1 சென்டிமீட்டர் ஆக்கிப் பாருங்கள். அட்டவணை மூச்சு விடத் தொடங்கும்.

இடைவெளி சரியாக அமைந்துவிட்டால் கோடுகளே அதிகம் தேவைப்படாது. லாடெக்குக்காக சைமன் ஃபியர் உருவாக்கிய ‘புக்டேப்ஸ்’ என்ற கருவித் தொகுப்பின் அறிவுரை இதுதான்: செங்குத்துக் கோடே போடாதீர்கள், இரட்டைக் கோடும் வேண்டாம். மேலே ஒன்று, தலைப்புக்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று என மூன்று கிடைக்கோடுகள் பெரும்பாலான அட்டவணைகளுக்குப் போதும். அந்தத் தொகுப்பு, கோட்டுக்கு மேலே விடுவதைவிடக் கீழே சற்று அதிக இடம் விடுகிறது. கோட்டுக்குக் கீழே வருவது எழுத்தின் தலை அல்லவா? தலையில் சுழியும் புள்ளியும் சுமக்கும் தமிழுக்கு இது மிகவும் பொருத்தம்.

அதிகமானாலும் ஆபத்து

அப்படியானால் இடைவெளியைத் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடலாமா? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

30 வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை. ஒரு வரிசைக்கு 12 பாயிண்ட் என்றால் மொத்தம் 360 பாயிண்ட். அதாவது 5 அங்குலம், 127 மில்லிமீட்டர். 1.2 மடங்கு ஆக்கினால் 432 பாயிண்ட். சுமார் 152 மில்லிமீட்டர். இரண்டு மடங்கு ஆக்கினால் 720 பாயிண்ட்; 254 மில்லிமீட்டர்.

ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் மிஞ்சுவது 247. நம் அட்டவணைக்கு 254 வேண்டும். ஏழு மில்லிமீட்டர் குறைகிறது! கடைசி வரிசை அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். அங்கே தலைப்பு இருக்காது. எந்த எண் நீளம், எந்த எண் எடை என்று தெரியாமல் படிப்பவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆய்வேடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. காரணம் ஒரு பழைய வழக்கம். தட்டச்சு இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆறு வரிகள், அதாவது வரிக்கு 12 பாயிண்ட். இரட்டை இடைவெளி விட்டால் மூன்று வரிகள். அந்தக் காலி இடத்தில் மேற்பார்வையாளர் பேனாவால் திருத்தம் எழுதுவார். 1966 ஏப்ரலில், மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததே, அந்தக் காலம் தட்டச்சு இயந்திரங்களின் காலம். இயந்திரம் போய்விட்டது, இரட்டை இடைவெளி மட்டும் பல பல்கலைக்கழகங்களின் விதிமுறைகளில் இன்றும் வாழ்கிறது.

அந்த விதி பத்திகளுக்குப் பொருந்தும். அட்டவணைகளுக்குப் பொதுவாக ஒற்றை இடைவெளியே போதும் என்று விலக்கும் அளிக்கப்படுவதுண்டு. ஆனால் மாணவர் ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ‘டபுள்’ என்று ஒரு சொடுக்குச் சொடுக்கினால், அட்டவணைகளும் சேர்ந்து ஊதிப் பெருத்துவிடும். எனவே பத்திக்கு ஒரு பாணி, அட்டவணைக்கு ஒரு பாணி என்று தொடக்கத்திலேயே பிரித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வீட்டில் சரி, கடையில் தவறு

இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டுக் கணினியில் அட்டவணை அழகாக இருக்கும். அதே கோப்பை அச்சுக் கடையில் திறந்தால் எல்லாம் கலைந்திருக்கும். மாயம் ஒன்றுமில்லை. நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. அது வேறு ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுகிறது. எழுத்துருவுக்குள் இருக்கும் உயர அளவுகளைத்தான் ‘சிங்கிள்’ இடைவெளி பின்பற்றும் என்று பார்த்தோமே! எழுத்துரு மாறினால் ஒவ்வொரு வரிசையின் உயரமும் மாறும்.

முன்பு நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண்களைக் கொடுத்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். அந்தக் காலத்திலேயே, 1985-இல், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். ஆப்பிள் கணினிகளில் நாம் காணும் ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் அது புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இன்று எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படிப் பலரின் உழைப்பு இருக்கிறது.

குறியீட்டுச் சிக்கல் தீர்ந்தது. எழுத்துருச் சிக்கல் மட்டும் மிச்சம். அதற்கு வழி எளிது. அறிக்கை முடிந்ததும் பிடிஎஃப் கோப்பாக மாற்றி, எழுத்துருவையும் அதற்குள்ளேயே பதித்துக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் பார்த்த சுழி கடையிலும் இருக்கும்.

செய்து பாருங்கள்

வேர்டில் இரண்டு நிரல்கள், ஐந்து வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் மீன், நீர், புழு, கீரி, ஞாயிறு என்று எழுதுங்கள். வலப்பக்கம் ஏதேனும் எண்கள். எழுத்தின் அளவு 12.

முதலில் வரி இடைவெளியை ‘சிங்கிள்’ என்று வையுங்கள். அடுத்து ‘எக்ஸாக்ட்லி’ தேர்ந்தெடுத்து 16, 14, 12, 10 என்று படிப்படியாகக் குறையுங்கள். எந்த எண்ணில் முதல் சுழி மறைகிறது? எந்த எண்ணில் புள்ளி மறைகிறது? குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்துருவை மாற்றி மீண்டும் செய்யுங்கள். விடை மாறும். கிடைத்த எண்களை ஓர் அட்டவணையாகப் போட்டால், அதுவே ஒரு சிறிய ஆய்வு.

கடைசியாக, அச்சிட்ட தாளைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, விரலால் தொடாமல் ஒரு வரிசையை இடமிருந்து வலமாகப் படியுங்கள். கண் வழி தவறாமல் போய்ச் சேர்ந்தால் இடைவெளி சரி. தவறினால் இன்னும் இரண்டு பாயிண்ட் கூட்டுங்கள்.

நம் கிள்ளான் மாணவி அளந்த எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. சந்தைக்குப் போனாள், தராசைச் சரிபார்த்தாள், மூன்று முறை நிறுத்தாள். அத்தனை உழைப்பையும் சில பாயிண்ட் வெற்றிடம் கேலிக்குரியதாக ஆக்கிவிட்டது. அளந்ததை அடுத்தவர் பிழையின்றிப் படிக்கும்படி தருவதும் ஆய்வில் பாதிதான். அடுத்த முறை அறிக்கையை ஒப்படைக்கும் முன் எண்களைச் சரிபார்த்துவிட்டு, மீன்களின் தலையில் சுழி இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.